ரெக்ஸ்டேல் அக்காவுக்கு எதிராகப் பதினேழு ஃபுல்மக்ட்

2025 நவம்பர் 9, ஞாயிறு, காலை 10.20. கார் டாஷ்போர்ட் பெட்டியைத் துப்பரவாக்கினேன். உங்கள் கையெழுத்துள்ள கடதாசிகள் மொத்தம் பதினேழு.

அண்ணை, எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒன்றுதான்: ஃபுல்மக்ட். இருபது வருசம் நோர்வேயில் மீன் வெட்டிய நீங்கள் கனடாவுக்குக் கொண்டுவந்த ஒரே சொல். ‘இந்த ஒரு வேலைக்கு என் அதிகாரத்தை உமக்குத் தாறன்’ என்று அர்த்தம். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் பார்சலைத் தபாலகத்தில் எடுக்கக்கூட அப்படி ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்களாம். நல்ல முறைதான். நீங்கள் அதை ரெக்ஸ்டேலில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு எதிராகப் பாவித்தீர்கள்.

வயிறு சரியில்லை என்று அக்காவிடம் சொல்ல ஒரு ஃபுல்மக்ட். அக்கா வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு வரமாட்டேன் என்று சொல்ல இன்னொன்று. ஒரே வீட்டில் நீங்கள் மேல் அறையிலும் நான் பேஸ்மென்ரிலும் வாடகைக்கு இருந்த பாவத்துக்குத் தூதன் ஆனேன். ஃபோனில் ஒரு மெசேஜ் போடுங்கோ என்றால், “கையெழுத்தில்லாட்டி அது வெறும் கதை, தம்பி” என்பீர்கள். நெட்வேர்க் வேலை செய்கிற நான் அனுமதியில்லாமல் எதையும் தொடாதவன். கடதாசியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன்.

பதினேழாவதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதினீர்கள்: நான் செத்த முப்பத்தோராம் நாளுக்கு எனக்குக் கல்வெட்டு அடிக்க அக்காவை விடக்கூடாது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்ட படமும் ‘பண்பின் சிகரமே’ என்று வெண்பாவும் வருமே, அந்த நினைவுப் புத்தகம்.

நேற்று அதை அக்காவின் முன்னால் வைத்தேன். சட்டம் படித்த அவரின் மகன், ஒன்ராறியோவில் ஆள் செத்தால் இப்படியான கடதாசியும் செத்துப்போகும் என்றான். நோர்வேயில் பொதுவாகச் சாகாது, தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்தனான் என்றேன். மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாடு. அக்கா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“தனக்கு வருத்தம், ஆஸ்பத்திரி எண்டதையும் உம்மை விட்டுத்தான் சொன்னவன். இப்ப இதுக்கும் நீரோ?”

பிறகு, கல்வெட்டு வேண்டாம், அச்சகத்தில் கொடுத்ததை நிறுத்தலாம் என்று ஒத்துக்கொண்டார். உள்ளே போய் ஒரு கொப்பியுடன் வந்தார். பதினொரு பக்கம், உங்கள் வாழ்க்கை, அவரின் கையெழுத்தில். “அப்ப நான் எழுதினதை என்ன செய்யிறது, தம்பி?”

அதற்கு நீங்கள் ஒன்றும் எழுதித் தரவில்லை, அண்ணை. ஆகவே நானே முடிவெடுத்தேன்:

1. நாளை அச்சகத்துக்குப் போய் வேலையை நிறுத்துவேன்.
2. சனிக்கிழமை ரெக்ஸ்டேலுக்குப் போவேன். பதினொரு பக்கத்தையும் அக்கா எனக்கு வாசித்துக் காட்டட்டும். நீங்கள் சின்ன வயதிலேயே பொறுமைசாலி என்று வந்தாலும் குறுக்கே பேசமாட்டேன்.
3. இடையில் அவர் அழுதால் எழும்ப மாட்டேன். நீங்கள் என்றால் ஆரையாவது அனுப்பியிருப்பீர்கள்.