சுவரோரக் கட்டில்

ஜனவரி 9
எதிர்ப்புறம் புது ஆஸ்பத்திரி திறந்துவிட்டார்கள். ஆளைக் கண்டதும் கண்ணாடிக் கதவு தானே விலகுகிறதாம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு பாதி காலி. மேனேஜர் தம்பி எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். இனி நோயாளி என்று நினைக்கக்கூடாதாம், வாடிக்கையாளர் என்று நினைக்க வேண்டுமாம். வீட்டுக்குப் போகிறவர்களை வாசலில் கும்பிட்டு, "நன்றி, மறுபடியும் வாங்க" என்று அனுப்ப வேண்டும். அந்த வேலை எனக்கு.

வார்டு ஆயாவான என்னை ஏன் வாசலுக்கு மாற்றினார் என்று தெரியும். தரை துடைக்கிற சாக்கில் சுவரோரக் கட்டில் பக்கமே நிற்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். என் வீட்டுக்காரர் கண்ணை மூடியது அந்தக் கட்டிலில்தானே. அங்கே நின்றால்தான் அவரோடு பேச வருகிறது. வீட்டில் வாயே திறப்பதில்லை.

ஜனவரி 10
கால் ஒடிந்து வந்த பெரியம்மா ஒருத்தர் இன்று கிளம்பினார். கும்பிட்டுச் சொன்னேன். "ஏண்டி, மிச்சமிருக்கிற காலையும் ஒடிச்சுக்கிட்டு வரவா?" என்றார். வாட்ச்மேனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் ஒரு மாதிரி இருந்தது. சிரிக்கலாமா நான்?

ஜனவரி 12
இனி அதைச் சொல்ல மாட்டேன். "போயிட்டு வரேன்" என்றுகூட யாரும் சொல்லாத வாசல் இது. "போங்க, இந்தப் பக்கமே வராதீங்க" என்றுதான் அனுப்புகிறேன்.

ஜனவரி 19
மேனேஜர் தம்பி கூப்பிட்டனுப்பினார்.

"அக்கா, எதிர்ல அவன் பூ குடுத்து அனுப்புறான். நீங்க வராதேன்னு தொரத்துறீங்களே!"

"நோய்நொடி இல்லாம இருக்கட்டும்னுதான் தம்பி."

"போறவங்களுக்கு அது புரியுது. கடன் குடுத்த பேங்குக்குப் புரியுமா?"

திட்டுவார் என்று பார்த்தால், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாவம், சாப்பிட்டாரோ இல்லையோ. மாதக் கடைசியில் ஆண்கள் வார்டை மூடுகிறார்களாம். கட்டிலெல்லாம் பழைய இரும்புக்குப் போகிறதாம். என் வேலையும் அதோடு சரி.

வேலை போனால் போகட்டும். கட்டில்?

ஜனவரி 24
எங்களை விட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பெரிய நர்ஸ் தேடி வந்தார்.

"அங்க ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. சொல்லி வச்சிருக்கேன், வா."

"அவரை விட்டுட்டு எப்படிக்கா வர்றது?"

"அவரு என்ன கட்டில்லயாடி இருக்காரு?"

எழுந்து வந்துவிட்டேன். என்ன பேச்சு இது. இவங்களுக்கு என்ன தெரியும். வேற எங்கதான் இருக்காரு, சொல்லட்டுமே —

ஜனவரி 26
சமைக்கவில்லை.

ஜனவரி 31
லாரி வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் சுவரோரக் கட்டிலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கால்மாட்டுக் கம்பி, தலைமாட்டுக் கம்பி, அவர் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற இடம்.

"உருக்கப் போறதை எதுக்குக்கா குளிப்பாட்டுறீங்க?" என்றான் லாரிக்காரன்.

மேனேஜர் தம்பி அவன் தோளில் கை போட்டார். "அவங்க முடிக்கட்டும். வா, நாம ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

ஈரம் போகத் துடைத்தேன். அவரிடம் ஏதாவது சொல்லலாம் என்று நின்றேன். ஒன்றும் வரவில்லை. வெறும் இரும்பாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 2
பெரிய நர்ஸைப் போய்ப் பார்த்தேன். "இந்த மூஞ்சியைக் கழுவிட்டு நாளைக்கே வா" என்றார். கோபம் இல்லை அவருக்கு.

பிப்ரவரி 3
புது இடத்தில் தரையெல்லாம் வழுக்குகிறது. வாசலில் பூ கொடுக்கிற பெண்ணுக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது, உட்காரக்கூடாதாம். தூணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலை நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும், "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமாங்க?" என்று ஆரம்பித்துவிட்டேன். சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தேன்.