கடன் திருநாள்

போன வாரம் உன் வீட்டு ஆட்டுக் கொட்டாயில் என் முகத்தைப் பார்த்தேன். உன் முதல் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். உன் மனைவி காபி போட உள்ளே போனாள். நான் தூறலுக்கு ஒதுங்கிக் கொட்டாய்க்குள் குனிந்தேன். ஈரப் புழுக்கையும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு நெடி. அண்ணாந்து பார்த்தால், கீற்றுக்கு அடியில் கட்டியிருந்த பழைய பிளெக்ஸ் பேனரில் பத்து வருஷத்துக்கு முந்தைய நான் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் பிரிட்ஜ், கிரைண்டர். மேலே கொட்டை எழுத்தில் ‘கடன் திருநாள்’. எல்லாம் கீழே பார்த்தபடி. என் கடை விளம்பரத்தை இத்தனை வருஷமாக உன் ஆடுகள் மட்டும் படித்திருக்கின்றன. என்னைக் கேலி செய்யத்தான் இப்படிக் கட்டினாய் என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது. செத்தவன்மேல் கோபப்பட்டு என்ன செய்வது.

அந்த வார்த்தை நம் இருவருக்கும் பழையது. சின்ன வயதில், மாதா கோயில் மறைக்கல்வி வகுப்பில் உபதேசியார் என்னை எழுப்பி, “கடன் திருநாள்னா இன்னாடா?” என்றார். “வாங்குன கடன திருப்பிக் குடுக்குற நாளுங்கய்யா” என்றேன். கோயிலே சிரித்தது. எல்லாரையும்விட நீதான் அதிகம் சிரித்தாய். ஞாயிறன்றும் பெரிய திருநாட்களிலும் பூசை காண்பது நம் கடன், அதாவது கடமை, அதனால்தான் அந்தப் பெயர், அன்றைக்குக் கூலி வேலை விலக்கு என்று அவர் விளக்கியதை யாரும் காதில் வாங்கவில்லை. உனக்கு நான் அன்றிலிருந்து ‘கடங்காரன்’.

பிறகு நான் சங்கராபுரத்தில் தவணைக்கு வீட்டுச் சாமான் விற்கும் கடை போட்டேன். சாமான் ஏற்றும் குட்டியானை வண்டியை நீ ஓட்டினாய். கடைக்குள் என்னை “மொதலாளி” என்பாய், வண்டிக்குள் ஏறினால் “டேய் கடங்காரா”. கல்வராயன் மலையில் கரியாலூர் தாண்டி ஒரு வீட்டில் பிரிட்ஜ் இறக்கினாயே, நினைவிருக்கிறதா? ஒரு மாதம் கழித்து அந்த வழியாகப் போனவன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய்.

“அங்க கரண்டே சரியா வர்றதில்லடா. பிரிட்ஜுக்குள்ள ரேஷன் கார்டு, புள்ளைங்க சர்டிபிகேட்டு, ஒரு பட்டுப் பொடவ. எலி உள்ள பூராதாம், நல்ல பொட்டின்றாங்க.”

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் சிரித்துப் பாதியில் நிறுத்திவிட்டாய். “அவங்களா வந்து கேட்டாங்க? நாமதான ஆசய வண்டில ஏத்திகினு போய் எறக்குனோம்” என்றாய். “விக்கிறவன் வேலையே அதாண்டா” என்றேன். நாகரிகம் என்றால் என்ன என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால் அந்தப் பிரிட்ஜைத்தான் சொல்வேன். அன்றைக்கு எனக்கு அது ஒரு விற்பனை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பதென்று நான் முடிவு செய்தபோது நீ ஒத்துக்கொள்ளவில்லை. கரும்புப் பருவத்தில் ஞாயிறன்று மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு டிராக்டர் ஓட்டியவன்தானே நீ என்று மடக்கினேன்.

“வெட்டுன கரும்பு காயும், எட கொறையும், வெள்ளாம வச்சவன் பொயப்பு போய்டும். அதுக்கு சாமியே போடான்னு அனுப்புவாரு. பிரிட்ஜ் இன்னா காயுமா? திங்கக்கெழம எறக்குனா ஆவாதா?”

எதிர்க்கடைக்காரன் திறக்கிறான், எதிர்க்கடைக்காரன் திறக்கிறான் என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவன் என்னைக் காட்டித் திறந்தான் என்பது பிறகு தெரிந்தது. இப்படி ஒருவனை ஒருவன் காட்டியே ஊர் மொத்தமும் ஞாயிற்றைத் தொலைத்தது.

கத்திரி வெயில் வந்தது. பிரிட்ஜும் ஏர்கூலரும் பறக்கிற காலம். விளம்பரத்துக்கு ஒரு பெயர் தேடியபோது என் சின்ன வயதுத் தப்பு நினைவுக்கு வந்தது. கடன் திருநாள்! ஞாயிறு மட்டும், முன்பணமே வேண்டாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கோயிலுக்குத் திரும்புகிற முனையில் பேனரைக் கட்டினேன். முதல் ஞாயிறன்றே உன் மகள் ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை, நற்கருணையை முதன்முதலாக வாங்கும் நாள். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் நான்.

முந்தின நாள் கடை வாசலில் வந்து நின்றாய். உள்ளே வரவில்லை.

“அந்தப் பேர எடுத்துடுடா. வேற இன்னா வேணா வச்சிக்க.”

“சும்மா ஒரு வெளாட்டுக்கு வச்சதுடா.”

“புள்ள நாளைக்கு மொத மொத நன்ம வாங்குது. வெள்ள கவுனு போட்டுகினு அந்த வழியாத்தான் நடந்து வரும். படிச்சிட்டு என்னாண்ட கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?”

கடையில் கூட்டம். எல்லாரும் பார்த்தார்கள். “நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி எடுக்கணும். முடியலன்னா சாவியக் குடுத்துட்டுப் போ” என்றேன். மிரட்டத்தான் சொன்னேன். நீ இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை நீயே மூடிவிட்டுப் போனாய். மறுநாள் ஜெசிந்தா பீடத்துக்கு முன்னால் நின்றபோது நான் ஒரு குடும்பத்துக்கு வாஷிங் மெஷினை விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே பேனர் காணாமல் போயிற்று. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று வேறொன்று அடித்துக் கட்டினேன்.

அப்புறம் நீ ஆலைக்கு டிராக்டர் ஓட்டினாய். ஆலை நிற்கும் மாதங்களில் மணலூர்பேட்டைப் பக்கம் கிடைத்த வேலை. வழியில் பார்த்தால், “நல்லா கீறீங்களா மொதலாளி?” என்பாய். அந்த ‘ங்க’வுக்குப் பதில் நீ என்னை நாலு அடி அடித்திருக்கலாம். ஒரு புதன்கிழமை மார்வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை அடக்கம். கடையைச் சாத்திவிட்டு வந்தேன். அது ஞாயிறாக இருந்திருந்தால் சாத்தியிருப்பேனா? இதைச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தேன். திருவிழா நோட்டீஸில் மாதா படத்துக்குக் கீழே என் கடைப் பெயர். ஒரு ஞாயிறு பங்குச்சாமி பொருளாசையைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் வைத்துவிட்டு அதே ஒலிபெருக்கியில் எனக்கு நன்றி சொன்னார். நான் பூசை முடிந்து நேரே கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். ஞாயிறு ஆண்டவருடைய நாள் என்று சேர்ந்துதான் படித்தோம். கூலிக்காரனுக்கென்று அவர் வேலி போட்டு வைத்த நாளும் அதுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. காசுள்ளவனுக்கு எந்தக் கிழமையிலும் ஓய்வு கிடைக்கும். கூலிக்காரனுக்கு இருந்தது அந்த ஒன்று. நான் வேலியைப் பிரித்து அங்கே பிரிட்ஜை நிறுத்தினேன். இப்போது கடை என் மகன் கையில். ஞாயிறு சாத்தலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். “இன்னாப்பா வெளையாடுறியா? அன்னிக்குத்தான் யாவாரமே” என்றான். வேறு யார் வளர்த்த பிள்ளை?

கொட்டாய் வாசலுக்குக் காபியோடு வந்த உன் மனைவி, நான் பேனரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

“அவருதாண்ணா அவுத்துகினு வந்தாரு. எய்த்து கீழ பாக்கத்தான் கட்டணும்னு ஒரே புடிவாதம். ஏன்னு கேட்டா, மேல பாக்க இருந்தா ஆண்டவரு படிச்சிடுவாரு, அவன் மாட்டிக்குவான்றாரு.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேலி என்று நினைத்தேனே, பாவி. என்னை ‘நீங்க’ போட்டுப் பேசிக்கொண்டே, வீட்டில் என்னை ஒளித்து வைத்திருந்திருக்கிறாய்.

அப்போது ஜெசிந்தா வந்தாள். உன் உயரம். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறாளாம்.

“பெரியப்பா, உங்க கடையில பில்லு போட ஆளு வேணும்னாங்க. நான் வரட்டுங்களா?”

நான் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பேனரை அண்ணாந்து பார்த்தேன். தயங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவசரமாகச் சொன்னாள்.

“அப்பா மாறி ஞாயித்துக்கெழம லீவெல்லாம் கேக்க மாட்டேங்க பெரியப்பா.”

ஞாயித்துக்கெழம மட்டும் நீ வரக் கூடாதும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் மகன் முகம் கண்முன் வந்தது. “திங்கக்கெழம வந்து அண்ணனப் பாரு” என்றேன். அவள் சந்தோஷமாகக் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இதை எழுதும் மேசையில் உன் வண்டிச் சாவி கிடக்கிறது. மாற்றுச் சாவியைக் கொடுத்துத்தான் அந்த வண்டியை விற்றேன், இதை விட மனம் வரவில்லை. ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நன்றாகப் பில் போடுகிறாள் என்று மகன் சொல்கிறான். இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக் காலை எட்டு மணிக்கு அவள் கடையில் இருப்பாள். நான் பூசையில் இருப்பேன்.