அண்ணனின் ஹெல்மெட்

அன்புள்ள அம்மாவுக்கு, ரூபினி வணங்கி எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் நலம். போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

செவ்வாயன்று தெப்ரா சாலையில் மோட்டார் சறுக்கி விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அண்ணனின் ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. அவன் விபத்தில் இறந்துபோன அன்று, வெயில் தாங்காமல் அதைக் கழற்றி மோட்டார் கூடையில் போட்டிருந்தானே? அதனால் அதில் விழுந்த முதல் கீறல் என்னுடையதுதான்.

"அடிபட்ட ஹெல்மெட்ட இனிமே போடக்கூடாதும்மா, மாத்திடு லா," என்றார் மோட்டார் கடை ஐயாசாமி அங்கிள். மாற்றிவிட்டேன்.

பழையதில் வெயில் ஏறினால் அண்ணனின் தலையெண்ணெய் வாசம் வரும். அவன் பின்னால் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டுவேன். இப்போது பின்னால் யாருமே இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அவனுக்குக் காய்ச்சித் தருவீர்களே, அந்த எண்ணெயில் ஒரு போத்தல் அனுப்புங்கள். என் தலைக்கு இல்லை, அம்மா. புது ஹெல்மெட்டின் உள்ளே தடவ.

ரூபினி