புள்ளடி யாருக்கு என்று கேட்ட கௌசிக்கு

கோலியர்ஸ் வுட், லண்டன்
டிசம்பர் 2009

அன்புள்ள மகள் கௌசிக்கு,

அப்பாவும் அம்மாவும் தங்கச்சியும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம், நீயும் குட்டியும் அந்த அளவுக்காவது இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. ஸ்டேஷன் வாசலில் பனியில் வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டு முறிந்துபோய் மாக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் சொல்லச் சொல்ல மயூரா எழுதுகிறாள். (அக்கா, அடைப்புக்குள் வருவதெல்லாம் என்னுடைய வாய். சனிக்கிழமை தோறும் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதன் பலனை அப்பா இப்போது அனுபவிக்கிறார். மாக்கட்டில் நான் ஒரு யானை கீறிவிட்டேன், கடைக்கு வருகிற ஆட்கள் எல்லாம் 'என்ன தேவராசா அண்ணை, நீங்களும் யானைக் கட்சியோ' என்று கேட்கிறார்களாம்.) இவள் இடையிலே எதையாவது கிறுக்குவாள், அதைப் பெரிதாக எடுக்காதே. சூசைதாசன் மாஸ்ரர் நத்தார்ப் பண்டிகைக்கு வவுனியாவுக்குப் போகிறார், அவர் கையிலேயே இதைத் தந்துவிடுகிறேன். அன்றைக்கு நீ போனில் அந்தக் கேள்வியைக் கேட்க, நான் இங்கே நல்ல குளிர் என்று பதில் சொன்னேன். போனில் வேறு காதுகளும் இருக்கும் என்றுதான் அப்படிச் சொன்னேன், உனக்கு விளங்கியிருக்கும்.

நீ கேட்டதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். சந்தியில் மருந்துக்கடை வைத்திருப்பவர் தை மாத ஜனாதிபதித் தேர்தலில் வெற்றிலைச் சின்னத்துக்கு ஆள் சேர்க்கிறார். வருகிற மாதக் கூட்டத்துக்குக் குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் ஒரு மாலை போட்டால், தடுப்பு முகாமில் இருக்கிற சிவதர்ஷனின் விஷயத்தைப் பெரியவர்களின் காதில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றப் பக்கம் உனக்குப் படிப்பித்த ரீச்சர், அன்னச் சின்னத்துக்காக வீடு வீடாகப் போக வா பிள்ளை, நாங்கள் வந்தால் உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரையும் விடுவோம் என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். சண்டை முடிந்த வைகாசியில் முகாம் வாசலில் வைத்து உன் புருஷனைப் பிரித்துக் கொண்டுபோன நாளிலிருந்து நீ ஒரு முடிவையும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது, 'அப்பா, நான் ஆற்றை பக்கம் நிக்க, புள்ளடியை ஆருக்குப் போட?' என்று கேட்கிறாய். வெற்றிலைக்காரர் சண்டையை நடத்தச் சொன்ன ஜனாதிபதி, அன்னக்காரர் அதை நடத்தின தளபதி. இதிலே எந்தப் பக்கம் நிற்கச் சொல்ல? (வெற்றிலை என்பது எனக்கு வெற்று இலையாகத்தான் தெரிகிறது. அன்னம் பாலையும் தண்ணீரையும் பிரிக்குமாம், அத்தானையும் உன்னையும் பிரித்ததோடு அதன் வேலை முடிந்ததென்றால் சரி. அப்பா இதை எழுத வேண்டாம் என்கிறார். எழுதிவிட்டேன்.)

போன கிழமை லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போயிருந்தோம். பூசை முடிந்து அன்னதான வரிசையில் நிற்கும்போதே கதை தொடங்கிவிட்டது. ரூட்டிங்கில் கடை வைத்திருக்கிற பத்மநாதன், உனக்குத் தெரியும், உன் சாமத்தியச் சடங்குக்கு வீடியோ எடுத்தவர், அவர் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று, 'ஒருத்தருக்கும் போடக்குடாது, ரெண்டும் ஒரே குட்டையில ஊறினது, சனம் வீட்டை விட்டு வெளிக்கிடவே குடாது' என்று கையை வீசினார். யாரோ பின்னாலிருந்து, 'போனமுறை போடாமல் விட்டு என்னத்தைக் கண்டனாங்கள்?' என்று கேட்டார்கள். கிறிஸ்துநாயகம், அவர் வேதக்காரர்தான், ஆனாலும் வெள்ளிக்கிழமைச் சோற்றைத் தவறவிடமாட்டார், அவர் 'இருக்கிற ஆளை இறக்கினாக் காணும், வாறவர் பேயாய் இருந்தாலும் பரவாயில்லை' என்றார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. 'உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன, உங்கடை மருமகனோ உள்ளுக்கை கிடக்கிறான்?' என்று கேட்டேன். சோறு வாங்காமலே வரிசையை விட்டு வெளிக்கிட்டேன். பத்மநாதன் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து, 'அண்ணை, நீங்கள் பிள்ளைக்கு என்ன சொல்லப்போறியள்?' என்று மெல்லக் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பார்ப்போம் என்றேன்.

(அக்கா, இந்த இடத்தில் அப்பா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். கேத்திலைப் போடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் தேத்தண்ணீர் வரவில்லை. மிச்சத்தை அவர் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன், அதனால் அடைப்பைத் திறந்தபடியே விட்டு நான் சொல்கிறேன். உன்னோடு பேசின நாளிலிருந்து அப்பா ஒழுங்காகப் படுக்கிறாரில்லை. ரிவி முழுக்கத் தேர்தல், கடையில் தேர்தல், குளிக்கும்போதும் வெற்றிலை என்றும் அன்னம் என்றும் தனக்குள்ளே பேசுகிறார். அம்மா, அன்னம் என்றால் சோறு, அந்தப் பேரைச் சொல்லித்தான் நான் தினமும் உலை வைக்கிறன், அதைப் பற்றி ஒருத்தரும் இந்த வீட்டில் கதைக்கிறேல்லை என்று பேசுகிறா. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை அப்பா, 'பூக்கட்டிப் பாப்பம்' என்றார். கலியாணத்துக்கும் வீடு வாங்கவும் பார்ப்பார்களே, அதேதான். சிவப்புப் பூ வெற்றிலைக்கு, வெள்ளைப் பூ அன்னத்துக்கு, இரண்டையும் தனித்தனிக் கடதாசியில் பொட்டலமாய்ச் சுற்றிச் சாமிக்கு முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது, எது வருகிறதோ அதுதான் கடவுளின் வாக்கு. ஜனாதிபதித் தேர்தலுக்குப் பூக்கட்டிப் பார்த்த முதல் ஆள் எங்கள் அப்பாவாகத்தான் இருப்பார். அவருக்கு ஒரு கைதானே, பொட்டலம் சுற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. சும்மா இருப்பேனா? அவர் கேட்டது ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. சுப்பர்மார்க்கெட்டில் இரண்டு நிறமும் இருந்தன. நான் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்தேன். அப்பா ஒன்றைத் திறந்து பெரிதாக முகத்தை வைத்துக்கொள்ள, நான் மற்றதையும் படாரென்று திறந்து, பாருங்கோ அப்பா, எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று சொல்லி அவரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்பது என் திட்டம்.

கோயிலில் ஐயர் பொட்டலங்களைத் தட்டில் வைத்துத் தீபம் காட்டித் தந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு இடக்கையால் ஒன்றை எடுத்து, பல்லால் நூலை இழுத்துப் பிரித்தார். வெள்ளை. அக்கா, வைகாசிக்குப் பிறகு அப்பாவின் தோள் கீழே இறங்கினதை நான் அப்போதுதான் கண்டேன். பெரிய மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி, 'சொல்லிப்போட்டார், சொல்லிப்போட்டார்' என்று அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னார். அவரைச் சிரிக்கவைக்க வந்த நான் மற்றப் பொட்டலத்தைத் தொடவே இல்லை. ஆனால் அம்மா, மற்றப் பூவையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில் வைப்போம் என்று அந்தப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டா. அதிலும் வெள்ளை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அங்குலம் குட்டையானேன். ஐயர் பக்கத்துச் சந்நிதிக்குப் போய்விட்டார். அப்பா இரண்டு பூவையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். 'எடி குரங்கு' என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பாராமல், 'பிள்ளை சரியாத்தான் கட்டியிருக்கிறாள்' என்றார். ரெயினில் வீடு வரும்வரைக்கும் இரண்டு பூவையும் கைக்குள்ளேயே வைத்திருந்தார். இதோ வருகிறார், நான் அடைப்பை மூடுகிறேன்.)

மகள், நான் எழுந்து போனதற்குக் காரணம் உண்டு. உனக்கு என்ன எழுதுவதென்று இந்த ஒரு கிழமையாக மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். வெற்றிலைப் பக்கம் போ என்று எழுதினால், நாளைக்கு அன்னம் வந்தால் மேடையில் நின்ற உன் முகத்தை மறக்கமாட்டார்கள். அன்னத்துக்கு வீடு வீடாகப் போ என்று எழுதினால், வெற்றிலை வந்தால் அந்தத் தெருவிலேயே உன்னை இருக்க விடமாட்டார்கள். இரண்டு பக்கமும் போகாதே என்று எழுதினால், சிவதர்ஷன் வெளியே வராத ஒவ்வொரு நாளும் அப்பாவின் சொல்லைக் கேட்டதால்தானோ என்று நீ நினைப்பாய். நான் எதை எழுதினாலும் அது பிழைத்தால் அனுபவிக்கப்போவது நீ. நான் இங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருப்பேன். அதனால் யார் பக்கம் நிற்பதென்று நான் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு அறிவும் இல்லை, துணிவும் இல்லை. இந்த இரண்டு பேரில் ஒருவரை நம்பி என் பிள்ளையை ஒப்படைக்கும் அளவுக்கு இந்த உலகத்தில் எனக்கு நம்பிக்கை மிச்சமில்லை.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். மாலை போடாமல் அவனை வெளியே எடுக்க ஏலாது என்று உன் மனம் சொன்னால் போய்ப் போடு, அதற்காக இங்கே ஒருவரும் உன்னைக் குறை சொல்லமாட்டோம், சொல்கிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். வீடு வீடாகப் போக வேண்டுமென்று பட்டால் போ. ஆனால் எந்த இடத்துக்கும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதே. மருந்துக்கடைக்காரர் பிள்ளையோடுதான் வர வேண்டும் என்று நின்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல், அவளைப் பக்கத்து வீட்டுப் பியற்றிஸ் அக்காவிடம் விட்டுவிட்டுப் போ. வென்றவன் படத்திலும் தோற்றவன் படத்திலும் அவளுடைய முகம் விழக் கூடாது. நாங்கள் எல்லாரும் ஏதோ ஒரு பக்கத்தில் நின்றுதான் இந்த நிலைக்கு வந்தோம், அவள் ஒரு பக்கத்திலும் நிற்க வேண்டாம். (நான் இதை எழுதும்போது பகிடி ஒன்றும் வரவில்லை அக்கா. வோட்டுச் சீட்டில் போடுகிற புள்ளடி என்றால் புள்ளின் அடி, பறவைக் கால், அப்போ அது அன்னத்துக்குத்தான் என்று ஒன்று வைத்திருந்தேன். விடு.)

அம்மா ஒரு பை சாமான் மாஸ்ரரிடம் தருகிறா. சிவதர்ஷனுக்கு இரண்டு பெனியனும் ஸ்வெட்டரும், குட்டிக்குச் சப்பாத்து, கொஞ்சம் பெரிதாகத்தான் வாங்கியிருக்கிறா, அடுத்த வருடமும் போடலாம். நீ சாப்பிடாமல் கிடக்காதே, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடி. சிவதர்ஷனைப் பார்க்கப் போகும்போது இந்தக் கதை ஒன்றையும் அவனிடம் சொல்லாதே, தன்னால் நீ மேடை ஏறினாய் என்று அவன் நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். வாசித்து முடிந்ததும் கடிதத்தை அடுப்பில் போடு. உறைக்குள் இருக்கிற இரண்டு பொட்டலத்தையும் போடாதே, அவை கோயில் பூ. (இரண்டும் வெள்ளைதான் அக்கா, திறந்து பார்க்கத் தேவையில்லை.) எல்லாத் தெய்வங்களும் கைவிட்ட இடத்திலும் ஒரு தெய்வமாவது உன் வாசலில் நிற்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் உன் தலையில் கைவைத்து வாழ்த்துகிறோம்.

(கடைசி வரியைத் தானே எழுத வேண்டுமாம். இடக்கையால் எழுதுகிறார், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு.)

கௌசி
யாருக்குப் போட்டாய் என்று
எனக்கும் சொல்லாதே.

அப்பா