புல்வெட்டியின் திறப்பு

2014 ஏப்ரல் 12, சனி

புல் வளரத் தொடங்கிவிட்டது. இன்று இவர், என் மனுசன், கராஜில் புல்வெட்டியைச் சர்வீஸ் செய்தார். ஏறி இருந்து ஓட்டுகிற பெரிய மெஷின். ஐந்து புளொக்குகளுக்கும் நடுவில் கிடக்கிற புல் முழுக்க அதன் வேலைதான். லாங்கன்தாலில் இந்தக் குடியிருப்பைப் பராமரிக்கிற ஹவுஸ்வார்ட் ஆகி இவருக்குப் பதினான்கு வருஷம். படி கூட்டுவார், பல்பு மாற்றுவார், பனி தள்ளுவார். ஆனால் ஆசையோடு செய்வது இந்த எஞ்சின் வேலையை மட்டும்.

தேத்தண்ணி கொண்டுபோனேன். பழைய ஒயிலை இறக்குவதற்காக அடியில் குனிந்திருந்தார்.

"திரேசா, இந்த நட் எந்தப் பக்கம் சுத்தினாக் கழரும்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

ஏப்ரல் 14, திங்கள்

ஃபாக்டரியில் எனக்குப் பின்னேர ஷிஃப்ட். காலை வீட்டில் இருந்தேன். இவர் பத்து நிமிஷம்கூட வெட்டியிருக்கமாட்டார் — இரும்பை இரும்பு கடிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. எஞ்சின் இறுகிப்போச்சு.

கராஜுக்குள் போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை இறக்கிய பழைய ஒயில் தட்டத்தில் கறுப்பாய் அப்படியே கிடந்தது. புது ஒயில் போத்தில் இரண்டும் றாக்கைத் தட்டில். மூடி திறக்கவே இல்லை.

"ஒயில் விட்டனீங்களோ?"

"விட்டனான். விடாமல் ஓட்டுவனே? என்ன கதை கதைக்கிறீர்!"

பொய் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. விட்டதாகத்தான் நம்புகிறார். அதுதான் பயமாயிருக்கு.

ஏப்ரல் 15

போத்தில் இரண்டையும் நிலத்தடிக் கெல்லரில் பழைய உடுப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். யாரிடமிருந்து மறைக்கிறேன்?

ஏப்ரல் 17, வியாழன்

குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து ஹெர் சௌக் வந்தார். "என்ன நடந்தது, ஹெர் யேசுதாசன்?" என்று இவரைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு ஜெர்மன் மொழியில் சொன்னேன்: "அடியால் ஒழுகியிருக்கவேண்டும். நிலத்தில் ஒயில் கிடந்தது. நான்தான் கழுவினேன்."

இவருக்கு ஐம்பத்தாறு வயது. இருக்கிற வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் அதுவும் போகும். வேறு என்ன சொல்ல?

சௌக் குனிந்து பார்த்தார். பழைய மெஷின்தானே, புது எஞ்சின் போடலாம் என்றார். இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மே 9, வெள்ளி

மெக்கானிக் வந்து புது எஞ்சின் பூட்டிவிட்டுப் போனான். இவர் ஏற முன்னம் நான் போய் ஒயில் அளவு பார்த்தேன். இரண்டு தரம்.

பிறகு குசினி யன்னலில் நின்றேன். சமையல் ஓடவில்லை. C புளொக்குக்கு முன்னால் பிள்ளைகள் மண் விளையாடுகிறார்கள். இவர் இருக்கிற சீற்றுக்கு அடியில் சுழல்வது கத்தி. எஞ்சின் போனால் இன்னொன்று வாங்கலாம். இதை நான் முதலே ஏன் யோசிக்கவில்லை?

மே 16

மண் விளையாடுகிற இடத்தைச் சுற்றி ஒரே வட்டத்தை நாலு தரம் வெட்டினார். அங்கே வெட்டப் புல்லே இல்லை.

மே 23, வெள்ளி

எழுதவே வெட்கமாயிருக்கு. காலமை புல்வெட்டியை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன்.

"திறப்பைக் கண்டனீரோ?"

"நீங்கள்தானே எங்கையோ வச்சிருப்பியள்."

முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மூன்று மணித்தியாலம் தேடினார். ஜாக்கெட் பொக்கெற், கராஜ் றாக்கை, குப்பை வாளி. கடைசியில் படியில் இருந்து இரண்டு கையாலும் தலையில் அடிச்சார். "எனக்கு என்ன நடக்குது, திரேசா?"

நான் என்ன மனிசி! வருத்தத்திலை மறக்கிற மனுசனைப் பாத்து, மறக்காததையும் மறந்துபோட்டியள் எண்டு சொன்னனே!

திறப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். எல்லாம் சொன்னேன். போத்தில், சௌக்கிடம் சொன்னது, யன்னலில் நிற்பது — எல்லாம்.

திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப திறப்பை நான் துலைக்கேல்லை?"

"இல்லை."

"ஒயிலை நான் விடேல்லை."

"ஓம்."

"இனி மறைக்காதையும். எது நான் செய்தது, எது நீர் செய்தது எண்டு எனக்குத் தெரியவேணும். அதையும் எடுத்துப்போட்டால் என்னட்டை என்ன மிச்சம்?"

மே 26, திங்கள்

எட்டு மணிக்கு அவரே சௌக்குக்குப் போன் எடுத்தார். நான் தடுக்கவில்லை என்று எழுத ஆசை. தடுத்தேன். "வீடும் போனால் எங்கை போறது?" போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "பிள்ளையள் விளையாடுற இடம், திரேசா."

சௌக்கிடம் சொன்னது: "எஞ்சினை நான்தான் பழுதாக்கினேன். ஒயில் விட மறந்துபோனேன். ஒழுகியது என்று மனைவி சொன்னது என்னைக் காப்பாற்ற. இனி நான் ஓட்டமாட்டேன்." இன்று அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட நன்றாயிருந்தது.

முதலில் டொக்டரிடம் போங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றாராம் சௌக்.

ஜூலை 3

பெர்ன் ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு சொன்னார்கள். மறக்கிற இந்த வருத்தத்துக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. திரும்பி வரும்போது லாங்கன்தால் வரும்வரை ரயிலில் ஆளுக்கொரு அப்பிள் சாப்பிட்டோம். அவ்வளவுதான்.

நவம்பர் 8, சனி

கோடை முழுக்க வெளியாள் ஒருவர் வந்து வெட்டினார். போன மாதம் சௌக் வந்து கேட்டார்: ஜனவரியிலிருந்து வேலையை உங்கள் பெயருக்கு மாற்றலாமா, ஃபிராவ் யேசுதாசன்? அவர் செய்யக்கூடியதைச் சேர்ந்து செய்யட்டும். வீட்டில் அப்படியே இருங்கள்.

எஞ்சின் கண்ட மனிசியோ நான்? ஃபாக்டரியை விடுவதோ? இரண்டு கிழமை யோசித்துத்தான் ஓம் சொன்னேன்.

இன்று குளிருக்கு முந்திய சர்வீஸ். ஒயில், ஃபில்டர், பிளக், தாங்கியில் மிஞ்சிய பெற்றோலை இறக்குவது. நான் புத்தகத்தை வாசித்து வாசித்துச் செய்தேன். சில இடத்தில் அவர் கை என் கையை முந்தியது. சில இடத்தில் நடுவழியில் நின்றுவிட்டது. அப்போது நான் தொடர்ந்தேன். பிளக்கை நான் மிஞ்சி இறுக்க, "காணும், காணும்" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

2015 ஜனவரி 8, வியாழன்

A புளொக் வாசலில் மாட்டச் சொல்லி நிர்வாகம் என் பெயரில் புதுப் பெயர்ப்பலகை அனுப்பியிருந்தது. அவருக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். மறுபடியும் அதே பிழை.

"பலகை எங்கை?" என்று காலமை அவரே கேட்டார்.

"ஆர் சொன்னது?"

"கடிதம் மேசையிலை கிடந்தது. வாசிக்க இன்னும் மறக்கேல்லை."

பழைய பலகையை அவரே கழற்றினார். புதியதைப் பிடித்து, நாலு ஸ்குரூவும் பூட்டினார். குளிரில் விரல் விறைத்தும் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. நான் தள்ளி நின்று பார்த்தேன்.

"நேரோ?"

"இடப்பக்கம் கொஞ்சம் உயர்த்துங்கோ."

உயர்த்தி இறுக்கினார். பின்னால் வந்து என்னோடு நின்று, திரேசா யேசுதாசன் என்று எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"என்ரை பேரும் கிடக்குத்தானே," என்று இரண்டாவது சொல்லைக் காட்டினார்.