மூன்று ராத்திரியில் பிடித்த ஒரு பிளேட்

மாதுங்கா, பம்பாய்
9-2-1943

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு விஜயலக்ஷ்மி எழுதியது. இங்கே குழந்தை அம்மிணியின் மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீ மட்டும் கொஞ்சம் குறைவான சௌக்கியத்தோடு இருந்தால் போதும். உன்மேல் அவ்வளவு கோபமாக இருக்கிறேன்.

நீ அனுப்பிய அரை டஜன் போட்டோ பிளேட்டில் நாலாவதும் நேற்று போயிற்று. நாலும் ஒரே மாதிரி. கழுவி எடுத்துப் பார்த்தால் அடுப்புச் சாம்பலைக் கரைத்துப் பூசினது போல ஒரு சாம்பல். அதற்குள்ளே எங்கேயோ நாலைந்து நட்சத்திரம், ஈ மொய்த்த மாதிரி. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் கத்தியில் இருக்கிற நெபுலாவைக் காணவில்லை. ஹாஸ்டல் மாடியில் மூன்றங்குலத் தொலைநோக்கியில் நாம் முறை வைத்துப் பார்த்தோமே, விளக்கை ஊதினதும் எழும் புகை மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாயே, அதே நெபுலாதான்.

முதல் பிளேட்டுக்கு வானத்தைக் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் யுத்த இருட்டடிப்பைக் கவனிக்கிற ஏ.ஆர்.பி. வார்டன் கரீம் பாட்சா மாடியில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறது என்று படியேறி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், தாராவியில் தோல் கடை. டார்ச்சில் நான் சுற்றியிருந்த சிவப்புக் காகிதத்தைப் பார்த்துச் சமாதானமானவர், "ஜப்பான்காரன் பிளேன் வந்தா இதுல முன்னாலயே தெரியுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கேமரா வைத்திருந்த முக்காலியில் இடித்தார். இரண்டாவது பிளேட்டை ரயில் கெடுத்தது. லோக்கல் போகும்போதெல்லாம் கட்டிடம் நடுங்குகிறது. மூன்றாவதும் நாலாவதும் பழுதில்லாமல் நடந்தன. பூமி ஓடுகிற ஓட்டத்துக்கு லென்ஸ் வைத்த பலகையும் ஓட வேண்டும் என்று இவர் வரைந்து கொடுத்து, இவருடைய சிநேகிதர் பிரம்மநாயகம் தன் பட்டறையில் கடைந்து கொடுத்த திருகாணியை, பத்து செகண்டுக்கு ஒரு தரம் கால் சுற்று சுற்றினேன். முக்கால் மணி நேரம். கீழே அம்மிணி இருமுவது கேட்கும். நான் எண்ணுவது செகண்டா இருமலா என்றே தெரியாது. எட்டு மாதக் குழந்தைக்கு மார்ச்சளி என்றால் என்ன செய்வதென்று நீதான் சொல்லேன். உனக்கு எங்கே தெரியப்போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பிளேட்டின் விளிம்பு சட்டத்துக்குள் மறைந்துதான் இருக்கும், அங்கே வெளிச்சம் பட வழியே இல்லை. அந்த விளிம்பும் சாம்பல். அப்படியானால் பிளேட்டே பழசு என்றுதானே அர்த்தம்? உங்கள் காலேஜ் அலமாரியில் எந்த ராஜா காலத்திலிருந்து கிடந்ததோ, என் தலையில் கட்டிவிட்டாய். கோட்டைக் கடைகளில் பிளேட் என்று கேட்டாலே யுத்தம் யுத்தம் என்று கையை விரிக்கிறார்கள்.

டெவலப் செய்வது சுவாமி உள்ளில், பூஜை அறையில்தான். வீட்டில் ஜன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். என் மாமியார் அனுமதி கொடுத்ததே ஆச்சரியம். எனாமலும் பீங்கானும் மட்டும் உள்ளே வரப்படாது என்று சொல்லி, தன் கல்யாணச் சீரில் வந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தாள். அதற்காகவே ஈயம் பூசி வாங்கி வைத்திருந்தாள், முகம் பார்க்கலாம். பிளேட்டில் தடவியிருக்கும் ஜெலட்டின் எந்தப் பிராணியின் எலும்பைக் காய்ச்சி எடுத்தது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. நீயும் கடிதத்தில் எழுதித் தொலைக்காதே, இவருக்கு எதையும் உரக்கப் படிக்கிற வழக்கம்.

உன் அண்ணா ஜம்பு ஸ்டூடியோ திறக்கிறார், மாசி முடிவதற்குள் இரவல் கொடுத்த லென்ஸ் திரும்ப வேண்டும் என்கிறாய். தருகிறேன். ஆனால் ஊர் முழுக்க விளக்கை மூடி வைத்திருக்கும் இந்த இருட்டு பம்பாய்க்கு மறுபடி வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். அதற்குள் எனக்கு ஒரே ஒரு படம் வேண்டும். இன்னும் இரண்டு பிளேட்தான் இருக்கிறது. அவையும் பழசா என்று உடனே எழுது.

கோபம் குறையாத,
விஜயம்


மாதுங்கா
23-2-1943

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இவர் உரக்கப் படித்தார். "அதே பெட்டியில் மிச்சமிருந்த பிளேட்டை நேற்று நான் டெவலப் செய்தேன், விளிம்பு குழாய்த் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறது. பி.ஏ. பிசிக்ஸில் பரிசு வாங்கினவள் ஈயத்தையும் பித்தளையையும் டெவலப்பரில் போடுவாளா?" என்ற இடம் வந்ததும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

ஆனாலும் உன் பேச்சை நம்பி விடுவதாக இல்லை. ஐந்தாவது பிளேட்டை இருட்டில் துணியில் சுற்றி இரண்டாக உடைத்தேன். பாதியைத் தாம்பாளத்தில் போட்டேன். மற்றப் பாதியை, கண்ணிமாங்காய் ஊறுகாய் இருந்த கண்ணாடி பாட்டிலைக் கழுவி அதற்குள் விட்டேன். ஒரே டெவலப்பர், ஒரே நேரம். தாம்பாளத்துப் பாதி சாம்பல். பாட்டில் பாதி தெளிந்த கண்ணாடி, ஷ்யாமளா, அந்தப் பக்கம் பிடித்த என் விரல் ரேகை தெரிந்தது.

நாலு பிளேட்டையும் கெடுத்தது வானமில்லை, ரயிலில்லை, பாவம் கரீம் பாட்சாவுமில்லை. உன் பிளேட்டும் இல்லை. இதற்கு மேல் மன்னிப்பு எழுத்தில் கேட்க மாட்டேன், நேரில் வந்தால் கேட்கிறேன்.

புத்தியுள்ளவளாக இருந்தால் இதை எனக்குள்ளே வைத்துக்கொண்டிருப்பேன். சந்தோஷத்தில் மாமியாரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுத் தாம்பாளத்தைக் கையில் எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். "முப்பது வருஷமா இந்தத் தாம்பாளத்துலேந்து வெத்தலை பாக்கு எடுத்துண்டு போனவாள்ளாம் நன்னாத்தான் இருக்கா. உன் நட்சத்திரத்துக்கு மட்டும் ஆகலையாக்கும்!" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. எது சொல்வதானாலும் அம்மிணியிடம் சொல்கிறாள். "உங்கம்மாகிட்ட சொல்லு, பால் பொங்கறதுன்னு." நான் தாம்பாளத்தைக் குறை சொல்லவில்லை, ரசாயனத்தைச் சொன்னேன் என்று எந்த பாஷையில் விளக்குவது? தனக்கு உள்ளதிலேயே நல்லதை அவள் எனக்குக் கொடுத்தாள். அதுதான் என்னை அழுத்துகிறது.

இவர் சிரிக்கிறார். தாதரில் எனாமல் தட்டு வாங்கி வருகிறேன் என்கிறார். எந்த உள்ளில் கொண்டு வைப்பது என்று கேட்டால் பேப்பரைப் பிரித்துக்கொள்கிறார்.

மிச்சம் ஒரு பிளேட். முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல இனிமேல் எனக்குக் கிடைக்காது, அம்மிணி விடமாட்டாள். நேற்று அவளுக்குப் பால் கொடுக்கும்போது ஒரு யோசனை தோன்றியது. லென்ஸை மூடிவிட்டுக் கீழே போகிறேன். திரும்பி வந்து, அதே நட்சத்திரத்தைக் குறிபார்க்கும் குழாயின் அதே குறுக்கு மயிரில் நிறுத்தி, மறுபடி திறக்கிறேன். ஒரே பிளேட்டில் இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். வெளிச்சம் சேர்ந்துகொண்டுதானே போகும்? தப்பென்றால் தந்தி கொடு.

படம் நிலைக்கப் போடுகிற இந்த ஹைப்போவின் நாற்றம் முன்னெல்லாம் எனக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு நாளாகக் குடலைப் புரட்டுகிறது. வெயில் ஏறுகிறதல்லவா, அதனால்தான் இருக்கும்.

உன்,
விஜயம்


மாதுங்கா
11-3-1943

என் அருமை ஷ்யாமளாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் இவருடைய சித்தப்பா பிள்ளை பஞ்சு. மெட்ராஸ் மெயிலில் ராணுவக் கணக்காபீஸுக்குப் போகிறான். அவனிடம் இரண்டு பொட்டலம் இருக்கும். பெரியது உன் லென்ஸ். துடைத்து, அம்மிணியின் பழைய சட்டையில் சுற்றியிருக்கிறேன். ஜம்பு அண்ணாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல்.

சின்னப் பொட்டலத்தை வெளிச்சத்தில் பிரிக்காதே. கறுப்புக் காகிதம் மூன்று சுற்று, அதன் மேல் மெழுகுத் துணி. தபாலில் போட்டால் சென்சார்க்காரர்கள் பிரித்துப் பார்ப்பார்கள், அதனால்தான் கையோடு அனுப்புகிறேன். பஞ்சு விடவில்லை. "உள்ளே என்ன மன்னி, தட்டையா?" என்று குலுக்கினான். "இருட்டு. திறந்தா போயிடும்" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான், பரவாயில்லை, பயந்துகொண்டு மடியில் வைத்துக்கொள்வான்.

அது ஆறாவது பிளேட். இன்னும் டெவலப் செய்யவில்லை.

முதல் ராத்திரி இருபத்தைந்து நிமிஷம் கிடைத்தது. அம்மிணி கூப்பிட்டாள், மூடினேன். இரண்டாம் ராத்திரி இரண்டு தவணையில் முப்பத்தொன்று. நடுவில் அவளுக்கு மூச்சு இரைந்தது, மேலே திரும்பி வரவா வேண்டாமா என்று படியிலேயே நின்றேன். வந்தேன். நல்ல அம்மாவாக இருந்தால் வந்திருக்க மாட்டேனோ என்று திருகாணியைச் சுற்றிய ஒவ்வொரு தரமும் நினைத்தேன். சுற்றுவதை நிறுத்தவுமில்லை.

மூன்றாவது சிவராத்திரி. வீடு முழுக்க விழித்திருந்தது. எட்டு மணிக்கு நான் படியேறும்போது மாமியார் என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். நாற்பத்தைந்து நிமிஷம், ஒரே மூச்சில். ரயில் போகும்போது மட்டும் அட்டையால் மறைத்தேன். இறங்கி வந்தால் மடியில் அம்மிணி தூங்குகிறாள். "மெதுவா வா. இப்பத்தான் கண்ணசந்தா" என்றாள் என்னிடமே. பத்து நாளில் எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலாவது ராத்திரியும் போட்டு இரண்டு மணி நேரம் ஆக்கலாம் என்றிருந்தேன். மறுநாள் காலையிலேயே எல்லாம் முடிந்தது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாளாக நான் காப்பியைத் தொடவில்லை என்பதை மாமியார் எண்ணி வைத்திருக்கிறாள். இவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். இவர் என்னிடம் வந்து ரொம்ப மிருதுவாக, இனிமேல் மாடிப்படி ஏற வேண்டாம் விஜயம் என்றார். ஹைப்போ, டெவலப்பர், எனாமல் தட்டு எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டார். தட்டு ஒரு நாள்கூடப் புழங்கவில்லை. திருகாணியும் பலகையும் மாடியிலிருந்து வந்து கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. ஆவணியில் என்னைக் கல்பாத்திக்கு அழைத்துப் போக அப்பா வருகிறார். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். என்னோடு சண்டை போடக்கூட ஆளில்லை, ஷ்யாமளா. நல்ல மனிதர்கள் நடுவில் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அம்மிணி இப்போதுதான் தூங்கினாள். இருமல் குறைந்திருக்கிறது. இன்னும் ஒரு வருஷமாவது அவளுக்கு மட்டும் அம்மாவாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். கண்ணாடித் தட்டில் செய். அவசரப்படாதே. நெபுலா இருந்தால் நொய்யரிசி அளவுக்குத்தான் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார். நட்சத்திரங்கள் இரட்டை இரட்டையாக விழுந்திருந்தால் ராத்திரிக்கு ராத்திரி நான் சரியாக நிறுத்தவில்லை என்று அர்த்தம், அதையும் எழுது. ஒன்றுமே இல்லாமல் வெறும் கண்ணாடியாக இருந்தாலும் அப்படியே எழுது. என்னைத் தேற்ற வேண்டாம், எனக்குக் கணக்குத் தெரியும், நூற்றொரு நிமிஷம்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதாதே. இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், ரொம்பப் பிரியமாகச் சொல்கிறார்கள்.

உன் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்று மாமியார் கற்பூரம் காட்டும்போது நானும் பக்கத்தில் நின்று வேண்டிக்கொண்டேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. பதில் சீக்கிரம் போடு.

என்றும் உன்,
விஜயலக்ஷ்மி