சாரலை நிறுத்தும் சாவி

தென்காசி
14 ஜூன் 2025, சனிக்கிழமை, மாலை 6.10

இத்ரீஸ்,

எண்ணி முடித்தாயிற்று. மொத்தம் 1,204 ஓட்டு. நிறுத்தச் சாவியை அழிக்கலாம் என்றவை 871, இருக்கட்டும் என்றவை 333. அந்த 333-ல் நானும் ஒருத்தன்.

போனைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது, மெயிலையும் பார்க்கிறார்கள், அதனால்தான் காகிதம். உங்க மாமா நாளை திருவனந்தபுரத்தில் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நலம் விசாரிக்க நேரமில்லை.

வியாழக்கிழமை சைபர் கிரைம் அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். நோட்டீஸில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. "ஏலே, நீங்க ரெண்டு பேருந்தானல இந்தச் சாரல்ங்கிற கம்ப்யூட்டர் காசை உண்டாக்கினது? நீங்களே நிப்பாட்டுங்க. இல்லன்னா உள்ள ஒக்காந்து யோசி" என்றார். முதலாளி யார், தலைமை ஆபீஸ் எங்கே என்றும் கேட்டார். அப்படி எதுவும் கிடையாது சார், இதை ஓட்டுகிற கம்ப்யூட்டர்கள் ஊர் ஊராக இருக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு என்றேன். "வெவரமாப் பேசுதியோ?" என்றார்.

ஆனால் ஒரு பிடியை நாமே விட்டு வைத்திருந்தோமே. அவசரத்துக்கென்று வைத்த சாவி, பாதி என்னிடம், பாதி உன்னிடம். இரண்டும் சேர்ந்தால் அத்தனை பேர் பணமும் முடங்கிவிடும். தங்கச்சி அலிமா கல்யாணத்துக்கு நீ வந்து இறங்கினால், இரண்டு பாதியும் அதிகாரி மேஜைக்குப் போய்விடும்.

நோட்டீஸை, சாரலை ஓட்டுகிற எல்லாரும் பார்க்கும்படி அன்றே நெட்டில் போட்டேன். பேர் தெரியாத யாரோ ஒருத்தர் தீர்மானம் கொண்டுவந்தார்: சாவியே வேண்டாம். நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். பயம்தான், வேறென்ன? கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.

தோற்றேன். ஆறு மணிக்கு என் பாதியைப் போட்டுப் பார்த்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. நாம எழுதினதுதானே இது! நம்மையே வெளியே தள்ளிவிட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என்னைத் தோற்கடித்த அந்த 871 பேரில் ஒருத்தர் முகம்கூட எனக்குத் தெரியாது.

காலையில் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ் கயிறு கட்டி நிற்கிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்தும் ஒன்றாகி, பாறையே தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கயிறு நமக்குத்தான், அருவிக்கு இல்லை, இத்ரீஸ். அதை மறந்துவிடாதே.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கள் காலை பத்து மணிக்கு லேப்டாப்போடு அதிகாரியிடம் போவேன். பொய் சொல்ல மாட்டேன். சாவி செத்துவிட்டதைக் காட்டுவேன். நம்புவதும் நம்பாததும் அவர் பாடு. நம்பாவிட்டால், நீ வந்து இறங்கினதும் உன்னையும் பிடிப்பார்.

2. வக்கீல் சண்முகசுந்தரியை உடன் கூட்டிப்போவேன். தனியாக வாயைத் திறந்தால் அறைவேன் என்று அந்தம்மாவே சொல்லியிருக்கிறார்.

3. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று உங்க உம்மாவிடம் சொல்வேன். இந்த ஒரு பொய் மட்டும்.

4. அடுத்த ஞாயிறு, கல்யாணத்தன்று என்னை வெளியே விட்டிருந்தால், பந்தியில் உன் இடத்தில் நின்று பரிமாறுவேன். அண்ணன் எந்த ஃப்ளைட் என்று அலிமா தினமும் கேட்கிறாள். வந்துவிடாதே, மாப்ளே. எங்கே இருந்தாலும் நல்லா இரு.

நம்பிராஜன்